பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன்

தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கென்று என்னென்ன இருக்கின்றன என்று வயது வாரியாக எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வயதில் அங்கன்வாடி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் மாலை ஐந்து மணிக்கு மேலும் ஓர் இடம் கிடைத்தது. தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகள் கூடுவார்கள். அதே தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா பாட்டும் விளையாட்டுமாகப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை மாலையில் எங்கே போகும்? பதினெட்டைத் தாண்டினால் கல்லூரி, வேலை, கட்சி, டீக்கடை பெஞ்ச் என்று ஏதோ ஒன்று உண்டு. இடையில் கிடக்கிற ஐந்தாறு வருடங்களுக்கு ஊரில் எதுவுமே இல்லை. பூங்காவில் ஊஞ்சல் ஆடினால் “இவ்வளவு பெரிய பையனுக்கு என்ன ஊஞ்சல்” என்கிறார்கள். தெருமுனையில் நான்கு பேர் நின்று பேசினால் “என்னடா கூட்டம்” என்று விரட்டுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் தெருமுனைக்கே வர முடியாது.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஊருக்கு ஊர் படிப்பகங்களை நடத்தின. நாலு நாளிதழ், ஒரு கேரம் போர்டு, வாசலில் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான் சொத்து. இளைஞர் நற்பணி மன்றங்கள் இருந்தன, ரசிகர் மன்றங்கள் இருந்தன, கர்லாக்கட்டையும் பார் கம்பியும் வைத்த உடற்பயிற்சிக் கூடங்கள் இருந்தன. பொங்கல் வந்தால் உறியடி, கயிறு இழுத்தல், மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி என்று ஊரே திரளும். அதற்கு நன்கொடை வசூலிப்பது, மைக் செட் பிடிப்பது, பரிசு வாங்கி வருவது எல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களின் வேலை. யாழ்ப்பாணத்தில் இதே வேலையைச் சனசமூக நிலையங்களும், அவற்றை ஒட்டிய விளையாட்டுக் கழகங்களும் செய்தன; பல ஊர்களில் இன்றும் செய்கின்றன.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மன்றங்களில் பெண் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம் என்று சாதிக் கோடு தெளிவாகவே இருந்தது. ஆனாலும் அங்கே ஒன்று நடந்தது. பதினான்கு வயதுப் பையன் தன்னைவிட ஐந்து வயது, பத்து வயது பெரியவர்களோடு பழகினான். சண்டை வந்தால் பெரியவன் ஒருவன் நடுவில் புகுந்து விலக்கிவிட்டான். அப்பா அம்மாவும் இல்லாமல், வாத்தியாரும் இல்லாமல், பிள்ளையைத் தெரிந்த மூன்றாவது பெரியவர் ஒருவர் இருந்தார். மன்றங்கள் போனதோடு அந்த மூன்றாவது ஆளும் போய்விட்டார். அதைத்தான் பெரிய இழப்பாக நான் பார்க்கிறேன்.

முதலில் போனது நேரம். 2017–18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025–26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு கைவிட்டது நல்ல முடிவு. ஆனால் அதற்குள் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பிப்பதும், காலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன், மாலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன் என்பதும் பழகிவிட்டன. நீட், ஜேஇஇ பயிற்சி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போகும். பள்ளிக்குள் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது எவ்வளவு சகஜம் என்றால், விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலினே ஒரு மேடையில், அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து இடம். நகரமைப்பு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலைக்கு விட்டது போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். வரைபடத்தில் அது பச்சையாகத்தான் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நிற்கும், குப்பை வண்டி நிற்கும், சில இடங்களில் ஒரு சின்னக் கோயிலே எழும்பியிருக்கும். மிச்சமிருந்த இடம் பூங்கா ஆகியிருந்தால், வாசலில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை இருக்கும். நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கும் சறுக்குமரம் ஏறும் குழந்தைகளுக்குமான பூங்கா அது. அரசுப் பள்ளி மைதானம் ஊரிலேயே பெரிய திடலாக இருக்கும். நாலரை மணிக்கு அதன் கேட்டுக்குப் பூட்டு விழும். பிள்ளைகள் இரவில் சுவர் ஏறிக் குதித்துக் குடிக்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். மாலையில் கேட் வழியாக வர விட்டிருந்தால் அந்தத் திடலில் நடமாட்டம் இருந்திருக்கும். பத்துப் பேர் பந்தாடும் இடத்தில் பாட்டிலோடு உட்கார யாரும் துணிவதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் டர்ஃப் வந்தது. பச்சைச் செயற்கைப் புல், சுற்றிலும் வலை, ஃப்ளட்லைட். மணிக் கணக்கில் வாடகை. பத்துப் பேர் பங்கு போட்டால் கட்டிவிடலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரி. அப்பா கட்டட வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பங்குக்கு யாரிடம் கேட்பான்? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தனது 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. அந்தப் பட்டியலில் வியாசர்பாடித் திடலும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே உடனடியாகப் பின்வாங்கி, கட்டணமில்லாமலே விளையாடலாம் என்று அறிவித்தது. பின்வாங்கியது நல்லது. ஆனால் அப்படி ஒரு தீர்மானம் மாநகராட்சி மாமன்றம் வரைக்கும் வந்ததே, அதில்தான் பொதுத்திடல் என்றால் என்ன என்பதை எவ்வளவு மறந்துவிட்டோம் என்பது தெரிகிறது.

புதிதாகக் கட்டப்படும் பொது இடங்களையும் பாருங்கள். 2024 ஜனவரியில் நகராட்சிகள் பலவற்றில் அறிவுசார் மையங்கள் திறக்கப்பட்டன. சுத்தமான கட்டடம், புத்தகங்கள், கணினி, இணையம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அமைதியாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நோக்கம் பெரும்பாலும் போட்டித் தேர்வு. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு நாம் இலவசமாகத் தரத் தயாராக இருக்கும் ஒரே இடம் படிக்கிற நாற்காலிதான் போலிருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், முதலில் உடம்பு. 5 முதல் 17 வயது வரை நாளைக்கு சராசரி 60 நிமிடமாவது, மிதமான வேகத்திலாவது உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85 சதவீதம். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை.

அந்த 85-ஐத் தனியாகப் பேச வேண்டும். நம் ஊரில் பெண் பிள்ளையின் விளையாட்டு எந்த நாளில் நிற்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வயதுக்கு வந்த பிறகு தெருவில் ஓடக் கூடாது. பள்ளி, டியூஷன், வீடு என்று மூன்று புள்ளிகள். மூன்றுக்கும் நடுவே நடந்து போகும் அந்த இருபது நிமிடம்தான் தோழிகளோடு பேசக் கிடைக்கும் நேரம். அதனால்தான் பெண் பிள்ளைகள் அவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள். விடியல் பயணத் திட்டத்தால் இன்று சாதாரண நகரப் பேருந்துக்குக் காசு வேண்டாம். ஆனால் ஏறி எங்கே இறங்குவது? பதினாறு வயதுப் பெண்கள் நான்கு பேர் காசு செலவில்லாமல், யாரும் முறைக்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துப் பேசக்கூடிய பொது இடம் ஒன்றை உங்கள் ஊரில் காட்டுங்கள் என்றால் எத்தனை பேரால் காட்ட முடியும்? பிறகு அந்தச் சிரிப்பும் பேச்சும் செல்போனுக்குள்தான் நடக்கும். அங்கே போலிக் கணக்குகளும் மிரட்டல்களும் காத்திருக்கின்றன. அப்படி ஏதாவது நேர்ந்தால், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டிலும் சொல்ல மாட்டாள்.

செல்போனைப் பிடுங்குவது பற்றி எல்லோரும் பேசுகிறோம். பிடுங்கிய கையில் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. “எந்நேரமும் போன்தான்” என்று அலுத்துக்கொள்ளும் அம்மாவிடம், வெளியே போகச் சொல்லலாமே என்றால் “வெளிய எங்கங்க அனுப்புறது?” என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது.

இன்னொரு விளைவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த வயதில் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் என்ற உணர்வு சோறு தண்ணீர் மாதிரி. நல்ல கூட்டம் கிடைக்காவிட்டால் கிடைத்த கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். தென் மாவட்டங்களில் அந்தக் கூட்டத்தைக் கொடுக்கத் தயாராகச் சாதி அமைப்புகள் இருக்கின்றன. கையில் கட்ட வண்ணக் கயிறு, நெற்றிக்கு அடையாளம், போனில் தலைவர் பாட்டு, குருபூஜைக்கு வேன், ஃபிளக்ஸில் சின்னதாக ஒரு போட்டோ. பதினைந்து வயதுப் பையனை மனிதனாக மதித்துப் பெயர் போட்டு ஃபிளக்ஸ் வைப்பது ஊரில் வேறு யார்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்கும் நெற்றி அடையாளங்களுக்கும் பள்ளியில் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தத் தடை அவசியம். ஆனால் கயிற்றை அறுத்த பிறகு, எல்லாத் தெருப் பையன்களும் ஒரே அணியில் ஆடக்கூடிய ஒரு திடல் மாலையில் திறந்திருக்க வேண்டும். வேறு சாதிப் பையனிடமிருந்து பந்தைப் பாஸ் வாங்கிக் கோல் போட்ட பழக்கம் எந்த அறிவுரையைவிடவும் ஆழமாகப் போகும் என்று நான் நம்புகிறேன்.

இதெல்லாம் வெறும் ஆதங்கமா, அளந்து காட்ட முடியுமா என்று கேட்கலாம். லண்டனில் அளந்திருக்கிறார்கள். அங்கே பேட்டைக்குப் பேட்டை இளைஞர் கிளப்புகள் உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய் டேபிள் டென்னிஸ் ஆடலாம், பாட்டு பழகலாம், சும்மா உட்காரலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஊழியர் எப்போதும் இருப்பார். 2010-க்குப் பிறகு அரசுச் செலவுக் குறைப்பில் 2019-க்குள் லண்டனில் ஏறக்குறைய 30 சதவீத கிளப்புகள் மூடப்பட்டன. ஐ.எஃப்.எஸ். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம், கிளப் மூடப்பட்ட பகுதிகளையும் மூடப்படாத பகுதிகளையும் ஒப்பிட்டு 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூடப்பட்ட பகுதிகளில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருந்தது. பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில் மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. ஒரு பவுண்ட் மிச்சம் பிடித்ததற்கு ஏறக்குறைய மூன்று பவுண்ட் நஷ்டம். விளையாடப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் நம் பெற்றோர் அந்த மதிப்பெண் விஷயத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஐஸ்லாந்து எதிர்த்திசையில் போனது. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமானார்கள். விளையாட்டு, இசை, நடனக் கழகங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. ரேக்யவிக் நகரம் பிள்ளைகளின் கட்டணத்துக்கென்றே குடும்பங்களுக்கு உதவித்தொகை தந்தது. கூடவே கண்டிப்பும் இருந்தது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே சுற்றக் கூடாது. பெற்றோர்களே கூட்டமாக ரோந்து போனார்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. நாம் கண்டிப்பை மட்டும் கையில் வைத்திருக்கிறோம்.

ஐஸ்லாந்து வரை போக வேண்டாம், வடசென்னைக்குப் போகலாம். கேரமில் 1991, 1995 என்று இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியைச் சேர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு அப்போது 17 வயது. ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒரே நகரத்திலிருந்து எப்படி இத்தனை பேர்? அந்தத் தெருக்களில் கேரம் கிளப் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. ஒரு சின்ன அறை, இரண்டு போர்டு, மேலே தொங்கும் ஒரு குண்டு பல்பு, ஆடிப் பழுத்த ஒரு பெரியவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, சென்னையின் தெற்குப் பக்கமுள்ள கண்ணகி நகரைச் சேர்ந்தவர். 2000-ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த பகுதி அது. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்ற வேதனை அங்கே நெடுநாளாக உண்டு. அங்கே பெண் பிள்ளைகளைத் திரட்டிக் கபடி சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சியாளர் நின்றார். தங்கம் ஒருவருக்குக் கிடைத்தது. தினமும் கூட ஆடிய மற்றப் பெண்களுக்கு மாலையில் ஓர் இடமும், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவரும் கிடைத்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். அடுத்த ஆட்சியில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் வந்தன. 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஆட்சியும் கட்டடமோ பொருளோ கொடுக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வந்து பூட்டைத் திறக்க ஆள் மட்டும் யாரும் கொடுப்பதில்லை. அதனால்தான் பல ஊராட்சி நூலகங்கள் பூட்டிக் கிடந்து கதவு துருப்பிடித்தன. இப்போது வந்த கேரம் போர்டும் வாலிபாலும் ஊராட்சி அலுவலக பீரோவுக்குள் முடங்காமல் இருக்க என்ன வழி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய திருவிதாங்கூர் நூலகச் சங்கத்திலிருந்து வளர்ந்த அமைப்பில், நூலகத்தை நடத்துவது உள்ளூர்க்காரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. அரசு மானியம் தருகிறது. நூலகத்துக்குள்ளேயே சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மன்றங்கள். நாடகம், ஓணப் போட்டி, கூட்டம் எல்லாம் அங்கேதான். கட்டடம் ஊராருடையது என்பதால் திறக்கிற பொறுப்பும் ஊராருடையது.

கணக்கும் பெரிதல்ல. ஓர் ஊராட்சிக்கு ஒரு மாலை நேரப் பொறுப்பாளர், மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தால் 12,525 ஊராட்சிகளுக்கும் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி ரூபாய் ஆகும். 1,000 ரூபாய்க்கே இரண்டு லட்சம் பேர் முன்வந்த மாநிலத்தில் ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. இல்லம் தேடிக் கல்வியில் பழகிய அக்காக்களே இதற்கும் பொருத்தமானவர்கள். பெண் ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் பெண் பிள்ளைகளை வீட்டிலிருந்து அனுப்புவார்கள்.

அரசு தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. கிராமசபை வாக்காளர்களின் சபை. பதினாறு வயதுப் பிள்ளை அதில் உறுப்பினர் இல்லை. அதனால் அவர்களுடைய பெற்றோர்தான் எழுந்து கேட்க வேண்டும். நூலகம் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்திருக்க வேண்டும், சாவி யாரிடம் என்று பலகையில் எழுத வேண்டும், பள்ளித் திடலை ஆறரை வரை திறந்துவிடத் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும், வாரத்தில் மூன்று நாள் திடல் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும், உபகரணத் தொகுப்பு இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன்னால் வீட்டிலிருக்கும் பிள்ளையிடம், என்ன இருந்தால் போவாய், எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்பது வரைக்கும் பெரியவர்களின் வேலை.